எட்டுப் பட்டன்

பேரையூர்
14.06.2024

அன்புள்ள சரண்யா அக்காவுக்கு,

நான் பாண்டிமீனா. அம்மா சுகம், முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. நீயும் டோனி மச்சானும் சுகமா? நாலு வருடம் கழித்து எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. உன் முகவரி போன வாரம்தான் கிடைத்தது. என் வகுப்பு ஆஷ்லினின் அம்மாவுக்கு டோனி மச்சானின் வீட்டாரைச் சர்ச்சில் பழக்கமாம். பதிலை ஆஷ்லின் பெயருக்கு எழுது. போன் செய்துவிடாதே. நானும் அம்மாவும் இன்னும் மாமா வீட்டில்தான், அம்மாவின் போனை அவர் தினமும் வாங்கிப் பார்க்கிறார். என்னைப் பள்ளிக்கு அவரே பைக்கில் கொண்டுபோய் விடுகிறார், மணி அடிக்கும்போது கேட்டில் நிற்கிறார். அப்பா இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று சில நேரம் நினைப்பேன். முகம்கூடச் சரியாக நினைவில்லை.

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். அரிசி டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். மாமா இருமினால் விளக்கை அணைத்துவிடுவேன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

பன்னிரண்டாவது வந்துவிட்டேன். ஆனால் பள்ளி விட்டதும் நேரே மாமாவின் பிளக்ஸ் பேனர் கடைதான், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில். டிசைனர் அண்ணன் திருப்பூருக்குப் போனதிலிருந்து நான்தான் கம்ப்யூட்டரில் உட்காருகிறேன். லீவு நாட்களில் அவர் பக்கத்தில் இருந்து பார்த்துக் கற்றது. கடையில் டிசைன் மட்டும். பைலை மதுரைக்கு அனுப்பினால் பேனரை அச்சடித்துச் சுருட்டி மறுநாள் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். ஒன்பது மணி வரை காதணி விழா, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி. அதற்குப் பிறகு புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் மிதக்கின்றன.

அக்கா, சாப்ட்வேரைத் திறந்ததும் ஒரு படம் வருமே, அதில் ஆஷ்லினின் அம்மா சொன்ன உன் கம்பெனி பெயர் இருக்கிறது. மாமாவுக்கு இது தெரியாது. அந்தப் பெயர் வந்து மறையும்வரை நான் மவுசைத் தொடுவதில்லை.

கொட்டாம்பட்டியில் அத்தையின் அண்ணன் மகனுக்கு என்னைக் கேட்கிறார்கள். பெயர் சூரியபிரகாஷ், முப்பது வயது. அத்தை உடனே முடிக்கச் சொல்கிறார். "மூத்தது ஓடுன மாதிரி இதுவும் ஓடுறதுக்குள்ள" என்கிறார். மாமாதான் தள்ளிப்போடுகிறார். "இந்தப் புள்ள போயிட்டா கடையில ஆரு உக்கார்றது? அந்த மெனு எழவெல்லாம் அவளுக்குத்தான் வெளங்குது. மெதுவாப் பாப்போம்."

மார்ச்சில் பரீட்சை. பரீட்சை எழுதிவிட வேண்டும். பிறகு மதுரையில் ஏதாவது ஒரு காலேஜ். கல்யாணம் மட்டும் வேண்டாம் அக்கா. இதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

படித்ததும் கிழித்துவிடு.

உன் தங்கை
பாண்டிமீனா


பெங்களூரு
25.06.2024

அன்புத் தங்கச்சி மீனாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். கிழிக்கச் சொன்னாய், கிழிக்கவில்லை. நான் வரும்போது நீ ஏழாவது. சடையில் ரிப்பன் கட்டத் தெரியாமல் என் பின்னாலேயே நடப்பாய். இப்போது ஒரு கடையே உன் கையில் நடக்கிறது. அம்மாவின் முழங்காலுக்கு யாரிடமாவது காட்டினீர்களா? எண்ணெய் தேய்ப்பதோடு விட்டுவிடாதே.

நீ சொன்ன சாப்ட்வேரின் மெனுக்களைச் சுருக்குவதுதான் இப்போது என் வேலை என்றால் நம்புவாயா? அதில் பதினொரு மெனு, நானூற்றுப் பன்னிரண்டு பட்டன். எதை முகப்பில் வைப்பது, எதை உள்ளே தள்ளுவது என்று ஆறு மாதமாக ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்து சண்டை போடுகிறோம். எங்களில் ஒருவர்கூடப் பேனர் கடையில் ஒரு நாள் நின்றதில்லை. நீ எனக்கு ஓர் உதவி செய். ஒரு வாரம், எந்தப் பட்டனை எத்தனை முறை தொடுகிறாய் என்று நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வா. எங்கே எரிச்சல் வருகிறதோ அதையும் எழுது.

கொட்டாம்பட்டி விஷயத்தைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். நீ படிப்பை விடாதே.

அன்புடன்
அக்கா சரண்யாதேவி


பேரையூர்
09.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ சுகம் என்று உன் கையெழுத்தில் பார்த்ததே போதும். அம்மா வைத்தியரிடம் போக மாட்டேன் என்கிறாள்.

இயற்பியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் கோடு போட்டேன். நானூறு பட்டனில் நான் தொடுவது முப்பதுகூட இல்லை. ஒரே சாயங்காலத்தில் அறுபத்தொரு முறை தொட்டது எது தெரியுமா? செய்ததை ரத்தாக்கிப் பழையபடி கொண்டுவரும் பட்டன். அது என் தப்பு இல்லை. ஆட்கள் பக்கத்திலேயே நிற்பார்கள்.

காதணி விழாவுக்கு ஒருவர் வந்தார். "ஏம்மா, நான் தாய்மாமன். என் மூஞ்சி வெத்தலை அம்புட்டுத்தான் இருக்கு, சித்தப்பங்காரன் மூஞ்சி தாம்பாளம் கணக்கா இருக்கு. என்னா வரிசை இது?" என்றார். பெரிதாக்கினேன். அவர் வெளியே போனதும் சித்தப்பா வந்தார். "அவரு மட்டும் என்ன கலெக்டரா? பழையபடி வைய்யி." மறுபடி தாய்மாமன். கடைசியில் மாமா இருவரையும் டீக்கடைக்கு அழைத்துப் போனார். நான் இருவரையும் ஒரே அளவாக்கிப் பைலை அனுப்பிவிட்டேன்.

எரிச்சல் என்றால் இதுதான். மெனுவை விரித்தால் அது கீழே நீண்டு போட்டோவை மூடிக்கொள்கிறது. அதற்குள் ஒரு மெனு, அதற்குள்ளும் ஒன்று. மவுசு கொஞ்சம் விலகினால் எல்லாம் சுருங்கிவிடும், முதலிலிருந்து தேட வேண்டும். "எங்கம்மா என் மூஞ்சி? அழிச்சிட்டியா?" என்று பதறுவார்கள். வேகமாக முடித்தால் ஏழு மணிக்கே வீட்டுக்குப் போய்ப் படிக்கலாம். முடியவில்லை.

கொட்டாம்பட்டி பற்றித் தனியாக எழுதுவதாகச் சொன்னாயே. அந்தத் தாள் உறையில் இல்லை. விட்டுப்போயிற்றா?

அன்புடன்
மீனா


பெங்களூரு
28.07.2024

அன்பு மீனாவுக்கு,

நலம். உன் கோடுகளை அப்படியே அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். தாய்மாமன் கதையைச் சொன்னதும் அறை முழுவதும் சிரிப்பு. மெனு முகத்தை மூடுகிறது என்றதும் ஒருவரும் சிரிக்கவில்லை. இத்தனை நாளில் யாருக்கும் அது தோன்றவில்லை.

உள்ளே மடித்து வைத்திருக்கும் கிராப் தாளைப் பார். நீ அதிகம் தொடும் வேலைகளை எட்டுப் பட்டனாக்கி, இடப்பக்கம் ஒரே வரிசையில் வரைந்திருக்கிறேன். போட்டோவைக் கொண்டுவருவதில் தொடங்கி, பின்னணி வெட்டுவது, முகங்களை வரிசையாக நிறுத்துவது என்று நீ செய்யும் வரிசையிலேயே கீழே இறங்கி, பிரிண்டுக்கு அனுப்புவதில் முடியும். மற்ற எல்லாவற்றையும் எப்படி மறைப்பது என்று பின்பக்கம் எழுதியிருக்கிறேன். பயப்படாதே, எதுவும் அழியாது. கண்ணில் படாமல் இருக்கும், அவ்வளவுதான். வலப்பக்க லேயர் பெட்டிக்கு நீ ஒரு கோடுகூடப் போடவில்லை. அதையும் மறைத்துவிடு. நாங்களும் அடுத்த பதிப்பில் முதலில் மறைக்கப்போவது அதைத்தான்.

ஏழு மணிக்கு வீட்டுக்குப் போ. படி.

எனக்குக் கொஞ்சம் அலைச்சல், உடம்பு அசதி. வேறொன்றும் இல்லை.

அக்கா


பேரையூர்
21.08.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு தேறியதா? பழம் சாப்பிடு. மச்சானைச் சமைக்கச் சொல்.

எட்டுப் பட்டன் வந்துவிட்டது! மாமா வெளியே போன நேரத்தில் உன் தாளைப் பார்த்துப் பார்த்து மாற்றினேன். திரை துடைத்துவிட்ட பலகை போல இருக்கிறது. எங்கேயும் தேட வேண்டாம், மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே போனால் பேனர் முடிந்துவிடுகிறது. நேற்று நாற்பத்திரண்டு முகம் வைத்த கல்யாணப் பேனர். ஒரு மணி நேரத்தில் முடித்தேன். ஆறே முக்காலுக்கு வீட்டில் இருந்தேன். அம்மா, "என்னடி, கடைய அடைச்சிட்டாகளா?" என்று பயந்துவிட்டாள்.

நாலு நாளாகக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். இப்படியே போனால் நாலு வாரத்தில் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

மாமா பின்னால் வந்து நின்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இது என்ன புள்ள, புதுசா இருக்கு?" என்றார். தானாக இப்படி வந்துவிட்டது என்று சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

நாளை மறுநாள் எனக்குப் பதினேழு முடிகிறது. நினைவிருக்கிறதா?

மீனா


பேரையூர்
15.09.2024

அக்காவுக்கு,

நீ சுகம்தானே? பதில் வரவில்லை.

நாம் தப்புச் செய்துவிட்டோம் அக்கா.

மாமா இரண்டே நாளில் கற்றுக்கொண்டார். ஐம்பத்தோரு வயதில் கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பட்டனாகத் தட்டுகிறார். முதல் பேனரை முடித்ததும் பஸ் ஸ்டாண்டில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். "இம்புட்டுத்தானா? இதுக்கா இந்தப் புள்ள இத்தன நாளா மலையைப் பெரட்டுன மாதிரி உக்காந்திருந்துச்சு?" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அத்தையிடம் சொன்னார். "இனிமே கடைய நான் பாத்துக்கிருவேன். உங்க அண்ணன வரச் சொல்லு."

எனக்கு அந்த மெனுக்கள் தெரிந்ததால்தான் கல்யாணம் தள்ளிப்போனது. நான் அதை உன்னிடம் முதல் கடிதத்திலேயே எழுதினேன். எழுதிய எனக்கே உறைக்கவில்லை.

மறுநாள் பழைய பட்டன் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். மாமா வந்து பார்த்தார். "எங்க புள்ள என் எட்டுப் பட்டன?" என்றார். தெரியாது என்றேன். என் பின்னந்தலையைப் பிடித்துத் திரைக்குக் கிட்டே கொண்டுபோய், "இப்பத் தெரியுதா?" என்றார். பழையபடி மாற்றிக் கொடுக்கும்வரை கையை எடுக்கவில்லை. இனி மவுசைத் தொட்டால் கையை ஒடிப்பாராம்.

கொட்டாம்பட்டியிலிருந்து வியாழக்கிழமை வந்தார்கள். பூ வைத்துவிட்டார்கள். அந்த ஆள் என்னைப் பார்க்கவில்லை, போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுது அக்கா. என்ன செய்ய என்று எழுது.

மீனா


பேரையூர்
20.10.2024

அக்கா,

தை இருபது, ஞாயிற்றுக்கிழமை. நாள் குறித்துவிட்டார்கள். பரீட்சைக்கு ஒரு மாதம் முன்னால்.

நீ எழுதுவதில்லை. என்னோடு பேசினால் உனக்கும் ஆபத்து என்று நினைக்கிறாயோ? அப்படியானால் அதையாவது எழுது. ஆஷ்லின் தினமும் பள்ளியில் என்னைப் பார்த்ததும் கடிதம் இல்லை என்று உதட்டைப் பிதுக்குகிறாள். அதைப் பார்க்கத்தான் தினமும் போகிறேன்.

மீனா


பெங்களூரு
08.11.2024

அன்புள்ள மீனாவுக்கு,

டோனி எழுதுகிறேன். நாம் பேசிக்கொண்டதே இல்லை. அம்மாவும் நீயும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

சரண்யாவுக்கு இது ஏழாவது மாதம். உன்னிடம் சொல்லாமல் இருந்தாள், முதல் இரண்டு தடவை தங்கவில்லை என்பதால். ஆகஸ்ட் கடைசியில் ரத்த அழுத்தம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். எழுந்து நடக்கக் கூடாது, மனம் பதறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உன் மூன்று கடிதங்களையும் நான்தான் பிரித்தேன். அவளிடம் கொடுக்கவில்லை. "மீனா எழுதலையா?" என்று கேட்பாள். "பரீட்சை இருக்கும்" என்பேன். இதற்கு நீ என்னை எவ்வளவு திட்டினாலும் தகும்.

பதினெட்டு வயது ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098க்கு நான் போன் செய்கிறேன். உன்னைக் கேட்காமல் செய்ய மனம் வரவில்லை. சரி என்று ஒரு வரி எழுது.

டோனி


பேரையூர்
27.11.2024

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

அக்காவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மேல் கோபம் இல்லை. அக்கா மேல்தான் கோபப்பட்டுவிட்டேன், அதை அவளிடம் சொல்லாதீர்கள்.

போன் செய்யாதீர்கள். எங்கள் பள்ளியில் போன வருடம் சத்யப்ரியா என்ற அக்காவுக்கு இப்படித்தான் நடந்தது. யாரோ ரகசியமாகச் சொன்னார்கள். அதிகாரிகள் வந்து, கல்யாணம் செய்ய மாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். வெளியில் யாருக்கும் தெரியவில்லை. எட்டாவது நாள் வேறொரு ஊர்க் கோயிலில் வைத்துத் தாலி கட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு யார் சொன்னது என்று தேடி அடித்தார்கள். இங்கே தேட ஆரம்பித்தால் ஆஷ்லினிடம் வரும். அவளிடமிருந்து உங்கள் முகவரிக்கு வரும். அக்கா இப்போது இருக்கும் நிலையில் மாமா அங்கே வந்து நின்றால்? அம்மாவையும் போலீஸ் பிடிக்குமோ என்று பயமாக இருக்கிறது.

அரையாண்டுத் தேர்வோடு பள்ளியை நிறுத்துகிறார்கள். அதற்குப் பிறகு வீடும் கடையும்தான். கடையில் பெருக்குகிறேன், பைல்களுக்குப் பெயர் எழுதுகிறேன். மவுசைத் தொடுவதில்லை.

மீனா


பெங்களூரு
22.12.2024

என் மீனாவுக்கு,

பெண் குழந்தை. எட்டாம் மாதத்திலேயே, ஐந்தாம் தேதி பிறந்துவிட்டாள். கண்ணாடிப் பெட்டியில் பதினொரு நாள் இருந்தாள். இப்போது நலம். நேற்றுத்தான் டோனி உன் நாலு கடிதங்களையும் என் மடியில் வைத்தார். ஒரே மூச்சில் படித்தேன்.

தனியாக எழுதுகிறேன் என்றேனே, அது உறையில் விட்டுப்போகவில்லை. எழுதவே இல்லை. நாலு வருடத்துக்கு முன்னால் அதே கொட்டாம்பட்டி வீட்டுக்கு, அதே சூரியபிரகாஷுக்கு, மாமா வாக்குக் கொடுத்திருந்தது என்னை. நான் டோனியோடு கிளம்பும்போது அந்த வாக்கை யார் தலையில் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் பஸ் ஏறினேன். நீ ஏழாவது படிக்கிறாய், நீ பெரியவளாவதற்குள் எல்லாம் மறந்துவிடுவார்கள் என்று என்னை நானே நம்பவைத்தேன். உன் முதல் கடிதத்தில் அந்தப் பெயரைப் பார்த்ததும் பட்டனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன். அதுதான் எனக்குச் சுலபமாக இருந்தது.

அலுவலகத்தில் எட்டுப் பட்டன் எல்லோருக்கும் பிடித்துவிட்டது, புதுப் பதிப்பில் வருகிறது. மறைத்ததை எல்லாம் திரும்பக் கொண்டுவர முகப்பிலேயே ஒரு பட்டன் இருக்க வேண்டும் என்று படுத்துக்கொண்டே எழுதி அனுப்பினேன். ஒன்பது ஏன் என்று கேட்டார்கள். இருக்கட்டும் என்று மட்டும் எழுதினேன்.

நான் வரட்டுமா? குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அந்த வாசலில் நிற்கிறேன். சொல்.

அக்கா


பேரையூர்
27.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பா சுகமா? என்ன பெயர் வைத்தீர்கள்? உன் கடிதத்தைப் புத்தாண்டுக்கு முந்தின நாள் ஆஷ்லின் கடைக்கே கொண்டுவந்தாள், சர்ச் பாட்டுத் தாளை அச்சுக்குக் கொடுக்க வந்தது போல. மாமாவுக்கு முன்னாலேயே கொடுத்தாள். துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு வாங்கிக்கொண்டேன். இதையும் அப்படித்தான் கொடுக்கப் போகிறேன்.

நீ வராதே. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு இங்கே வராதே. உன்மேல் எனக்கு இருந்த கோபத்தை எல்லாம் அழுது தீர்த்துவிட்டேன். நான் உன் இடத்தில் இருந்தாலும் பஸ் ஏறித்தான் இருப்பேன்.

என் கல்யாணப் பேனரை மாமாவே செய்தார். ஐம்பத்தேழு முகம். என் போட்டோ பள்ளி அடையாள அட்டையில் இருந்தது. சீருடைக் காலரை வெட்டிவிட்டுப் பட்டுப்புடவை ஒட்டினார். பெயருக்குக் கீழே பி.ஏ. என்று போட்டார். "பேருக்குப் பின்னாடி ஒண்ணுமில்லாட்டி மொட்டையா இருக்கும். மாப்ளை பக்கமெல்லாம் டிகிரி போட்டுருக்கான்" என்றார்.

இன்று மதியம் என்னைக் கூப்பிட்டு, "இனிஷியல் எல்லாம் சரியா இருக்கான்னு பாரு. ஒண்ணு மாறுனாலும் பங்காளிக சண்டைக்கு வந்துருவாக" என்றார். டீக்கடையில் யாரோ அழைத்தார்கள், போய்விட்டார். பத்து நிமிடம்.

நீ மறைக்கச் சொன்ன லேயர் பெட்டியைத் தேடி எடுத்தேன். லேயர் என்றால் படத்தின் மேல் வைக்கும் கண்ணாடித் தாள் மாதிரி, உனக்குத் தெரியும். ஒவ்வொரு தாளுக்கும் பக்கத்தில் ஒரு கண் படமும் ஒரு பிரிண்டர் படமும் இருக்கின்றன. கண்ணை மூடினால் திரையில் தெரியாது. பிரிண்டரை மூடாமல் விட்டால் அச்சில் வரும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புதுத் தாள் வைத்தேன். பி.ஏ.வின் மேல் ஒரு மஞ்சள் பட்டை. அதில் எழுதினேன்:

பன்னிரண்டாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி. பிறந்த தேதி 23.08.2007. வயது 17. குழந்தைகள் உதவி எண் 1098.

கண்ணை மூடினேன். பெட்டியை மறைத்தேன். மாமா வந்து திரையைப் பார்த்தார், பி.ஏ. இருந்தது. பிரிண்டுக்கு அனுப்பும் பட்டனை அவரேதான் தட்டினார். நாலு பேனர். முகூர்த்த நெருக்கத்தால் வியாழன் சாயங்காலம்தான் பஸ்ஸில் வரும், வெள்ளி விடிவதற்குள் கட்டுவார்கள்.

ரகசியமாகச் சொன்னால் ரகசியமாக முடித்துவிடுவார்கள். ஊரே பார்த்துவிட்டால் எந்தக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள்? ஆனால் அதற்கு முன்னால் வீட்டில் யாராவது விரித்துப் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இன்னும் மூன்று நாள். விளக்கை அணைக்கிறேன் அக்கா.

மீனா


மதுரை
16.02.2025

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும்,

நான் நன்றாக இருக்கிறேன். பாப்பா நலமா? அவளுக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது பெண்பிள்ளைகள் விடுதி. மார்ச் மூன்றாம் தேதி தமிழ்ப் பரீட்சைக்கு இங்கிருந்து அழைத்துப் போவார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள். கடிதத்தைப் படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்களாம். படிக்கட்டும். பரீட்சைக்குப் பிறகு என்னை எங்கே அனுப்புவது என்று இன்னும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கே பஸ் ஸ்டாண்டில் கூட்டம். பள்ளிப் பிள்ளைகள் பேனருக்குக் கீழே நின்று சத்தமாகப் படித்தார்களாம். எத்தனை பேர் போன் செய்தார்கள் என்றே தெரியாது. பத்து மணிக்கு அதிகாரி அம்மா இரண்டு போலீசோடு வந்தார். மாமா வேர்த்துப்போய் நின்றார்.

"மேடம், அது பிரிண்டுல தப்பா வந்துருச்சு."

"எது தப்பு? பிறந்த தேதி தப்பா?"

மாமா தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"இல்ல, ஸ்கூல் தப்பா? சொல்லுங்க, இப்பவே போய்க் கேட்டுருவோம்."

அத்தை என்னைப் பார்த்த பார்வையில் நான் அந்த அதிகாரி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன். கொட்டாம்பட்டிக்காரர்கள் அன்று மதியமே பரிசச் சேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஊர் சிரித்துவிட்டதாம், இனி அவர்களே வேண்டாம் என்றுவிட்டார்கள்.

இதுவரை சொன்னது எல்லோருக்கும் தெரியும். இங்கே யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது.

வியாழன் சாயங்காலம் மாமாவும் அத்தையும் கொட்டாம்பட்டிக்குப் போயிருந்தார்கள். கடை பூட்டியிருந்ததால், கம்பம் ஊன்றும் கருப்பு அண்ணன் பேனர் சுருளை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். "யக்கா, சரியா வந்திருக்கான்னு விரிச்சுப் பாத்துருங்க. நான் கம்பு எடுத்துட்டு வாரேன்" என்று சொல்லிப் போனார். நான் அடுப்படியில் இருந்தேன். அம்மா கூடத்தில் பேனரை விரிக்கும் சத்தம் கேட்டது. பிளக்ஸ் மொரமொரவென்று தரையில் உருண்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. அம்மா எட்டாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் ஆனது. அதற்கு மேலும் ஆனது. கொல்லைக் கதவைப் பார்த்தேன், வெளியே பூட்டியிருந்தது.

மறுபடி மொரமொரவென்று சத்தம். அம்மா சுருட்டினாள். சணலைக் கட்டி முடிச்சுப் போட்டாள். கருப்பு அண்ணன் வந்தார்.

"சரியா இருக்காக்கா?"

"இருக்கு. பஸ் ஸ்டாண்டுல வைக்கிறத மட்டும் ரோட்டப் பாத்து ஒசக்கக் கட்டு. காத்துக்குச் சாஞ்சுறக் கூடாது."

"மொதலாளி வரட்டும்னு இருக்கவா?"

"அவுக வர நேரமாகும். நீ போயிக் கட்டு."

பிறகு அடுப்படிக்கு வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து, தட்டில் சோறு வைத்தாள்.

"தின்னுட்டுப் படு" என்றாள். "வெள்ளன எந்திரிக்கணும்."

உங்கள்
பாண்டிமீனா